பழைய சோபாவும் ஒன்பதாயிரம் ரூபாயும்

பழைய சோபா வாங்குகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. துணி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முதல் கட்சி. துணி நன்றாகக் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இரண்டாவது கட்சி. எப்படியும் பிய்த்துப் போடப் போகிற துணிதானே, கிழிந்திருந்தால் விலையாவது குறையுமே என்பது இவர்கள் கணக்கு. முதல் கட்சிக்காரர்கள் வீட்டு சோபா ஆறு மாதத்தில் நடுவில் குழி விழுந்து, உட்கார்ந்தவர் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். ஆகவே இரண்டாவது கட்சியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

நம்ம ஊரில் சோபா ஒன்றும் பரம்பரைச் சொத்து இல்லை. திண்ணை, பாய், ஜமுக்காளம், ஊஞ்சல், ஈஸி சேர் என்றுதான் இருந்தோம். வேடிக்கை என்னவென்றால், சோபா என்ற சொல்லே அரபு மொழியின் 'ஸுஃப்பா'விலிருந்து வந்தது. விரிப்பு போட்டு உட்காரும் மேடை என்று பொருள். அதாவது கிட்டத்தட்ட நம் திண்ணைதான்! சுற்றிச் சுற்றி வந்து, ஸ்பாஞ்சும் ஸ்பிரிங்கும் சேர்த்துக்கொண்டு, முப்பதாயிரம் ரூபாய் விலைச்சீட்டோடு ஹாலுக்குள் நுழைந்திருக்கிறது.

குரோம்பேட்டையில் முதல் மாடி வாடகை வீட்டில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், பிளஸ் டூ படிக்கும் தம்பி. அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்றே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து உட்காரலாம் என்றபோது முழங்கால் மறுத்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். "தரையில உட்காராதீங்க, கொஞ்சம் உயரமான இருக்கையா பாத்துக்கோங்க" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கடையில் போய்ப் பார்த்தார்கள். மூன்று பேர் உட்காரும் சோபா, சுமாரானது, இருபத்தைந்தாயிரத்துக்குக் குறைந்து இல்லை. மாதத் தவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். அம்மா வெளியே வந்து ஒரே வார்த்தை சொன்னார்: "கடன்ல வாங்குன சோபால உட்கார்ந்தா உங்கப்பாவுக்கு முதுகுவலி இன்னும் ஜாஸ்தி ஆகும்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கையில் இருந்தது ஒன்பதாயிரம். பழைய சோபா வாங்கிப் புதுப்பிக்கலாம் என்ற யோசனை மகளுடையது.

வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தை சென்னைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். செடி, துணி, பழைய கம்ப்யூட்டர், கேமரா, பாத்திரம், கதவு, கட்டில் என்று எதுவும் கிடைக்கும். அங்கே சோபா வாங்குவதற்குச் சில வழிகள் இருக்கின்றன. கொஞ்சம் கவனியுங்கள், காசு மிச்சம்.

முதலில் சோபாவைக் குப்புறப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை. சட்டம் என்ன மரம் என்று அடியில்தான் தெரியும். கனமான தேக்கோ நல்ல நாட்டு மரமோ இருந்தால் அதிர்ஷ்டம். அமுக்கி ஒட்டிய மரத்தூள் பலகை என்றால் அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அதில் ஒரு தடவை ஆணி பிடுங்கிக்கொண்டால் மறுபடி அதே இடத்தில் பிடிக்காது. அடுத்தது பூச்சி. மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் அந்த இடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். மாவு போலப் பொடி கொட்டினால் பூச்சி இன்னும் குடியிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, முன்பக்கம் ஒரு காலைப் பிடித்து அரை அடி தூக்குங்கள். மறுபக்கத்து முன்காலும் உடனே கூடவே எழும்பினால் சட்டம் கெட்டி. அது தரையிலேயே நின்றுகொண்டு இது மட்டும் வந்தால் மூட்டுகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது சட்டம் முறுக்கிக்கொள்கிறது. துணியையும் ஸ்பாஞ்சையும் மாற்றலாம், முறுக்கிக்கொண்ட சட்டத்தை மாற்றுவது புது சோபா செய்வதற்குச் சமம்.

மகள் தேர்ந்தெடுத்தது கைப்பிடி மரத்தாலான பழைய மாடல். உட்காரும் இடத்தில் மூன்று தனித்தனி மெத்தை. முதுகுப் பக்கம் சட்டத்தோடு சேர்த்து அடித்தது. துணி நார் நாராகத் தொங்கியது. தம்பிக்கு அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. "இதையாக்கா வீட்டுக்குள்ள கொண்டு வரப் போற?" என்றான். ஆனால் மரக் கைப்பிடி மாடலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கைப்பிடிக்குத் துணி வேண்டாம், ஸ்பாஞ்ச் வேண்டாம், வளைவில் மடிப்பு பிடிக்கும் கஷ்டமான வேலையும் வேண்டாம். முதன்முதலில் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு இதுதான் சரி. மூவாயிரம் சொன்னார்கள், 2,200-க்கு முடிந்தது. குட்டி யானையில் ஏற்றி வீட்டு வாசலுக்கு வந்தது.

மாடிக்கு ஏற்றவில்லை. இது முக்கியம். பழைய சோபாவை வாங்கியவுடன் ஹாலுக்குள் கொண்டுபோகிற தப்பைப் பலர் செய்கிறார்கள். மூட்டைப்பூச்சி என்று ஒரு ஜீவன் இருக்கிறதே! சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் அது. "ரெண்டு மாசமா யாருமே உட்காராத சோபாம்மா" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் பயன் இல்லை. தையல் மடிப்பில் மிளகுப் பொடி தூவியது போலக் கரும்புள்ளிகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த சோபாவின் முதுகுப்பக்கத் துணியை நீக்கியபோது புள்ளிகள் இருந்தன.

அம்மா அன்று ராத்திரியே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆள் அதே இடத்தில் இருப்பாரா என்பது வேறு கேள்வி. கடைசியில் அப்பாதான் முடிவு சொன்னார். "மரத்துல ஒண்ணுமில்ல, துணியிலதான். துணியைத் தூக்கிப் போட்டுட்டா ஆச்சு." கீழே பைக் நிறுத்தும் இடத்திலேயே வைத்து, துணி, ஸ்பாஞ்ச், கோணி, நாடா என்று ஒன்று விடாமல் பிய்த்து, பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு வாயை இறுகக் கட்டினார்கள். எலும்புக்கூடாக நின்ற சட்டத்தின் மூட்டுகளிலும் இடுக்குகளிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார்கள். கயிற்றுக் கட்டிலுக்கு நம் பாட்டிகள் செய்த அதே வைத்தியம். சும்மா இல்லை அது. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு நேரடியாகப் பட்டால் மூட்டைப்பூச்சியும் பிழைக்காது, அதன் முட்டையும் பிழைக்காது. வெந்நீரில் ஊறிய மரத்தை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, ஆடிய மூட்டுகளுக்குப் பசை வைத்து இறுக்கி, எமரித் தாளால் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க உள்ளே தேன் நிறத்தில் தேக்கு! தம்பி அன்றுதான் கட்சி மாறினான் :)

பிய்க்கும்போது உள்ளே இருந்து கிடைத்தவை: இரண்டு ஹேர்பின், ஒரு சின்ன ரிமோட் மூடி, பழைய ஐம்பது பைசா நாணயங்கள் மூன்று. நாணயங்களை அம்மா கழுவி சாமி உண்டியலில் போட்டார்.

இனிமேல்தான் சோபாவின் உண்மையான பாடம் வருகிறது. சோபாவை அடியிலிருந்து மேலே கட்ட வேண்டும். காசும் அதே வரிசையில் போக வேண்டும். நாடா, அதற்கு மேல் கோணி, அதற்கு மேல் ஸ்பாஞ்ச், கடைசியில் துணி. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் துணிக்கடைக்குப் போய் மனதுக்குப் பிடித்த துணியை எடுத்துவிட்டு, மிச்சக் காசில் ஸ்பாஞ்ச் வாங்குகிறார்கள். நாடாவைப் பற்றி நினைப்பதே இல்லை. புது ஸ்பாஞ்ச் போட்டும் சோபா மறுபடி அமுங்குகிறதே என்று புலம்புகிறவர்கள் வீட்டில் குற்றவாளி பெரும்பாலும் அடியில் தளர்ந்து தொங்கும் நாடாதான்.

இரண்டு அங்குல அகல எலாஸ்டிக் நாடா வாங்கினார்கள். உட்காரும் இடம் 66 அங்குல நீளம், 22 அங்குல ஆழம். முன்னும் பின்னுமாக இரண்டு அங்குல இடைவெளி விட்டு 16 நாடாக்கள், குறுக்கே நான்கு. பாய் முடைவது மாதிரி ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று கோத்து, நன்றாக இழுத்துப் பிடித்து, நுனியை மடித்து அடிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 15 மீட்டருக்குள் முடிந்துவிட்டது. செலவு 300 ரூபாய். சோபாவின் ஆயுளில் பாதி இந்த முந்நூறு ரூபாயில் இருக்கிறது. அதன் மேல் ரேஷன் அரிசி வந்த கோணிச் சாக்கைப் பிரித்துத் துவைத்து விரித்தார்கள், செலவே இல்லாமல். நாடாவின் இடுக்கில் ஸ்பாஞ்ச் பிதுங்காமலும் உராயாமலும் கோணி காப்பாற்றும்.

அடுத்தது ஸ்பாஞ்ச். இங்கேதான் ஏமாறுவது சுலபம். கடையில் "32 டென்சிட்டி", "40 டென்சிட்டி" என்பார்கள். நாமும் தலையை ஆட்டுவோம். அந்த எண் என்னவென்று கேட்டால், நம்மில் பலர் கெட்டித்தன்மை என்போம். தவறு. ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சின் எடை எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 32 என்றால் ஒரு கன மீட்டர் 32 கிலோ. கையால் அமுக்கும்போது தெரிகிற மெத்தென்ற தன்மை, கெட்டித்தன்மை என்பது வேறு கணக்கு. ஒரே டென்சிட்டியில் மெதுவான ஸ்பாஞ்சும் செய்யலாம், கெட்டியானதும் செய்யலாம். கெட்டித்தன்மை இன்றைக்கு எப்படி உட்காருகிறோம் என்பதைச் சொல்லும். டென்சிட்டி இன்னும் சில வருஷம் கழித்து எப்படி உட்காருவோம் என்பதைச் சொல்லும். கடையில் நிற்கும்போது கைக்குத் தெரிவது முதலாவது மட்டும்தான். எடை குறைந்த மட்ட ஸ்பாஞ்ச்கூட அன்றைக்குக் கைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு எளிய பரீட்சை உண்டு. எடை போட்டுப் பார்ப்பது! பள்ளிக்கூடக் கணக்குதான். 22 அங்குலம் நீளம், 22 அங்குலம் அகலம், 4 அங்குலத் தடிமன் உள்ள ஒரு மெத்தையின் கன அளவு கிட்டத்தட்ட 0.0317 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் அது ஏறக்குறைய ஒரு கிலோ இருக்க வேண்டும். 40 டென்சிட்டி என்றால் 1 கிலோ 270 கிராம் பக்கம் வர வேண்டும்.

மகள் 40 டென்சிட்டி என்று காசு கொடுத்து மூன்று துண்டு வெட்டி வாங்கி வந்தாள். வழியில் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு துண்டைத் தராசில் வைத்தாள். 850 கிராம். அண்ணாச்சி சிரித்துவிட்டார், "என்ன பாப்பா, பஞ்சை நிறுத்து விக்கப் போறியா?" கணக்குப் போட்டால் 27 டென்சிட்டிகூட வரவில்லை. நாற்பதுக்கான காசு, இருபத்தேழுக்கும் குறைவான சரக்கு. அப்பாவின் எடை 78 கிலோ. அந்த ஸ்பாஞ்ச் சீக்கிரமே உட்கார்ந்துவிடும்.

அடுத்த நாள் அப்பாவும் கூடவே போனார். கடைக்காரர் முதலில் "நாங்க எல்லாருக்கும் இதைத்தான் தர்றோம்" என்றார். மகள் கணக்கு எழுதிய தாளைக் காட்டினாள். அதை அவர் படிக்கவில்லை. லேத் வேலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்த்தே பழகிய அப்பா குரல் உயர்த்தாமல், "உங்க கடையிலயே தராசு இருந்தா வைங்க, அளவு டேப் என்கிட்ட இருக்கு" என்றார். கடையில் அப்போது வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என்ன நினைத்தாரோ, கடைக்காரர் உள்ளேயிருந்து வேறு ஸ்பாஞ்ச் எடுத்து வெட்டிக் கொடுத்தார். எடை: 1 கிலோ 250 கிராம். அதே விலை. வெட்டும்போது நூல் அளவு முன்னே பின்னே இருக்கும், அது நியாயம். நானூறு கிராம் முன்னே பின்னே இருப்பது நியாயம் இல்லை.

முழங்கால் வலிக்காரருக்கு சோபா செய்யும்போது உயரக் கணக்கும் உண்டு. பழைய சோபாக்கள் பல தாழ்வானவை. தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருக்க முழங்கால் அதிகம் மடங்க வேண்டும், தொடையும் முட்டியும் அதிகம் உழைக்க வேண்டும். முழங்கால் மடிப்பின் அடியிலிருந்து தரை வரை அப்பாவை நிற்க வைத்து அளந்தார்கள்: 17 அங்குலம். சோபாவில் நாடா வரை உயரம் பன்னிரண்டரை. அதன் மேல் 4 அங்குல ஸ்பாஞ்ச், ஆக பதினாறரை. ஆள் உட்கார்ந்ததும் ஒரு அங்குலமாவது அமுங்கும். பத்தவில்லை. நான்கு கால்களுக்கும் அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை வைத்துப் பசை போட்டு திருகு ஏற்றினார்கள். உட்கார்ந்த பிறகும் பதினேழரை நிற்கும். கால் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். புது சோபாவை இப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி அளந்து யாரும் தருவதில்லை.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாலியூரித்தேன் என்கிற ரசாயனத்தை ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் 1937-ல் கண்டுபிடித்தார்கள். மெத்தென்ற ஸ்பாஞ்சாக அது கடைக்கு வந்தது 1950-களில். அதற்கு முன்னால் குதிரை மயிரும், தேங்காய் நாரும், இலவம்பஞ்சும்தான். மலிவு, இலகு, சுகம் எல்லாம் சரி. ஆனால் தீப்பிடித்தால் வேகமாக எரியும், புகை விஷம். 1979 மே 8 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஊல்வொர்த்ஸ் கடையின் மரச்சாமான் பகுதியில் பற்றிய தீயில் 10 பேர் இறந்தார்கள். அதைப் போன்ற தீ விபத்துகளுக்குப் பிறகுதான் 1988-ல் அந்த நாட்டில் சோபா, மெத்தைகளுக்குத் தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. நம் வீடுகளில் கொசுவர்த்திச் சுருளை சோபாவுக்கு அடியில் தள்ளி வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை மட்டுமாவது விட்டுவிடலாம். அந்த வீட்டில் அப்பாவுக்கே அந்தப் பழக்கம் இருந்தது. சோபா வந்த அன்றிலிருந்து சுருள் பால்கனிக்குப் போய்விட்டது.

கடைசியில் துணி. கடைக்காரர் மூன்று சீட் சோபா என்றதும் "எட்டு மீட்டர்" என்றார். சோபாத் துணி சாதாரணமாக 54 அங்குலப் பன்னா. மகள் வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட நோட்டில் படம் வரைந்தாள். ஒரு மெத்தைக்கு மேல், கீழ் இரண்டு சதுரம், தையலுக்கு விட்டு 23 அங்குலம். இரண்டையும் பன்னாவில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் 46 அங்குலம். மிச்சம் 8 அங்குலத்தில் ஓரப் பட்டி வந்துவிடும். மேற்கொண்டு கொஞ்சம் பட்டியும் சேர்த்து மூன்று மெத்தைக்கும் இரண்டே முக்கால் மீட்டர் போதும். முதுகுக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் துணியின் நீளவாக்கில் வெட்டினால் இரண்டு மீட்டருக்குள் அடங்கும். ஆக ஐந்து மீட்டர்! ஒரே நிபந்தனை, துணி வெற்றுத் துணியாக இருக்க வேண்டும். பூவோ கோடோ இருந்தால் திருப்பிப் போட்டு வெட்ட முடியாது, ஒன்றோடு ஒன்று பொருத்தவும் வேண்டும், துணி வீணாகும். வெல்வெட்டுக்கும் இது பொருந்தாது. கையால் தடவும் திசைக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும். ரெக்சினைப் பற்றியும் பேச்சு வந்தது. சென்னை மே மாத வெயிலில் ரெக்சின் சோபாவில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அதை ஏன் வேண்டாம் என்றார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. மலிவு ரெக்சின் சில வருஷத்தில் தோல் உரியவும் செய்யும். மீட்டர் 260-க்குக் காப்பிப்பொடி நிறத்தில் கெட்டி நெசவாக ஒரு வெற்றுத் துணி கிடைத்தது.

தைப்பதற்கு மாஸ்டரைத் தேடினார்கள். இந்தத் துணியின் கெட்டிக்கு வீட்டுத் தையல் மெஷின் ஊசி உடையும். அதே தெருவில் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் பக்கத்தில், ஆட்டோ சீட்டும் பைக் சீட்டும் தைக்கிற ஒரு பெரியவர். சோபா வேலையும் தெரியும் என்றார். மெத்தை உறை மூன்று, முதுகு அடிப்பது, எல்லாம் சேர்த்து 1,200 கேட்டார். நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மகள், சந்தையில் பேரம் பேசிய அதே வேகத்தில் "எண்ணூறு தர்றோம் மாஸ்டர்" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, துணியை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனார். அம்மா குறுக்கே வந்தார். "துணியில குறைச்சுக்கிட்டோம்ல, அது போதும். அவர் கேட்டது ரெண்டு நாள் வேலைக்கு. உங்கப்பா ஓவர்டைம் காசுக்கு எத்தனை நாள் நடந்தாரு, மறந்துட்டியா?"

குறைந்த செலவில் செய்கிறோம் என்று சொல்கிற பல வேலைகளில் இந்த இடம் வரும். மட்டமான பொருளை வாங்கி மிச்சம் பிடிப்பது ஒரு வழி. இன்னொருவர் கூலியில் மிச்சம் பிடிப்பது இன்னொரு வழி. இரண்டும் சுலபம், உடனே கையில் காசு தெரியும். நோட்டில் கட்டம் போட்டு மூன்று மீட்டர் துணியை மிச்சம் பிடிக்க ஒரு சாயங்காலம் போகும். ஆனால் அந்த மூன்று மீட்டரின் 780 ரூபாய் யார் வயிற்றிலும் அடிக்காத 780 ரூபாய்.

1,200-க்கு மாஸ்டர் தைத்ததோடு நிற்கவில்லை. முதுகுத் துணி அடிக்க வீட்டுக்கே வந்து, பின் அடிக்கிற கன்னை மகள் கையில் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தார். நான்கு பக்கமும் முதலில் நடுவில் ஒரு பின், அப்புறம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே போக வேண்டும், மூலை எப்போதும் கடைசி. மூலையிலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் விழும், அதை யாராலும் எடுக்க முடியாது. உறையை ஸ்பாஞ்சை விட அரை அங்குலம் சின்னதாகத் தைத்தால்தான் மெத்தை விறைப்பாக நிற்கும் என்பதும் அவர் சொன்னதே. ஸ்பாஞ்சின் மேல் ரெக்ரான் பஞ்சு ஒரு சுற்று, அதன் மேல் அம்மாவின் பழைய நூல் புடவையில் தைத்த உள்உறை, அதன் மேல் ஜிப் வைத்த வெளிஉறை. அழுக்கானால் வெளிஉறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம்.

கணக்கு விவரம், ரூபாயில்:

பழைய சோபா – 2,200
குட்டி யானை வாடகை, இறக்குக் கூலி – 600
எலாஸ்டிக் நாடா – 300
உட்காரும் மெத்தை ஸ்பாஞ்ச், மூன்று – 1,800
முதுகு ஸ்பாஞ்ச், 2 அங்குலம் – 450
துணி, 5 மீட்டர் – 1,300
ரெக்ரான், ஜிப், நூல், பின், பசை – 500
எமரித் தாள், வார்னிஷ், கால் கட்டை – 450
மாஸ்டர் கூலி – 1,200
ஆக மொத்தம் – 8,800

இதில் ஒரு செலவு எழுதப்படவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு வாரச் சாயங்காலங்கள், எமரித் தாள் தேய்த்த நான்கு பேர் கை. நேரத்துக்கும் விலை போட்டால் புது சோபாவே லாபம் என்று சிலர் சொல்வார்கள். அந்த நேரத்தில் வேறு எங்கேயாவது சம்பாதித்திருக்க முடிந்தவர்களுக்கு அது சரியான கணக்கு. அந்த வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் விலைக்குக் கேட்டிருக்கப் போவதில்லை. முட்டிவலியோடு மூலையில் உட்கார்ந்திருந்த மனிதர், டேப்பும் திருப்புளியுமாக மறுபடி ஒரு வேலைக்குத் தலைமை தாங்கினார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

துணி எல்லாருக்கும் தெரியும், வருகிறவர்கள் அதைத்தான் பார்த்துப் பாராட்டுவார்கள். பக்கத்து வீட்டு மாமி வந்து, "கலர் சூப்பரா இருக்கே, எந்தக் கடை?" என்று கேட்டார். நாடாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

சோபா மாடி ஏறிய பிறகும் அந்த வீட்டில் தம்பியும் மகளும் டிவி பார்ப்பது தரையில் உட்கார்ந்து, சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான். நம் வீடுகளில் சோபாவின் தலையெழுத்து அப்படி. அம்மா அதன் ஒரு மூலையில் துவைத்த துணிகளைக் குவிக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா மட்டும் நடுவில் உட்கார்ந்து செய்தி பார்க்கிறார். முதல் நாள் விளம்பர இடைவேளையில் தண்ணீர் குடிக்க எழுந்தார். நேராக எழுந்து, நேராகச் சமையலறைக்குப் போனார். சுவரைப் பிடிக்கவில்லை, கைப்பிடியிலும் கை ஊன்றவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கவனித்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த சட்டையை எடுத்தார்.